இருபத்தொரு லிட்டர்

கேபின் கட்டிலுக்கு அடியில் இருக்கிற இடம்
ஒன்றரை அடிக்கு ஒன்றேகால், உயரம் ஓரடி.
அதற்குமேல் ஒரு விரல் கிடையாது என்றார் தேசப்பன்.
வலை, ஐஸ், அரிசி, டீசல், ஏழு ஆள்
எல்லாம் போக
விசைப்படகில் மிஞ்சியது அவ்வளவுதான்.
“ஆனா அடிவயித்துல எறங்கணும்மா,
இன்ஜின் சத்தத்த மீறி.”

தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.
காசிமேட்டில் படகுகள்
பெயின்ட் காய நின்றுகொண்டிருக்கின்றன.
சூளையில், மரக்கடைகளுக்குப் பின்னால்
எங்கள் தகர ஷெட்டில்
பில்லின் பின்பக்கம் கணக்குப் போடுகிறேன்.
இந்தப் பத்து இன்ச்சுக்கு
மூடிய பெட்டியில் நாற்பத்திரண்டு லிட்டர் காற்று வேண்டும்.
இடம் தருவது இருபத்தொன்று.

நாற்பது ஹெர்ட்ஸின் ஒரே ஓர் அலைக்கு
நீளம் எட்டரை மீட்டர்.
கேபின் ஏழடி.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.

வழி ஒன்று உண்டு, செலவு பிடித்த வழி:
அதே கம்பெனி, அதே மாடல் இன்னொன்று வாங்கி
முகத்தோடு முகம் வைத்து முடுக்குவது.
இடையில் மாட்டிக்கொண்ட கொஞ்சக் காற்று
இரண்டையும் ஒரே கோனாக்கிவிடும்.
பெட்டி பாதி போதும்.
சத்தம் ஒரு துளி கூடாது.

“ரெண்டு வாங்கி ஒண்ணு மாதிரி கேக்குமா?”
“ஆமாண்ணே.”
என்னையும் தில்ஷாத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
“நல்லாருக்கே கத.”
அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார், ஐந்நூறு குறைவாக.

தில்ஷாத் மரீன் ப்ளையை அறுத்தாள்.
மூலைக்கு மூலை பசை, உள்ளே குறுக்குச் சட்டம்,
உப்புக்காற்று நுழையாதபடி இரண்டு கோட் எபாக்ஸி.
மேல் ஸ்பீக்கர் காந்தத்தை வெளியே காட்டி
குப்புற உட்கார்ந்தது,
ஊரைப் பார்க்க மாட்டேன் என்பதுபோல.

ரிட்சி தெருவில் வாங்கின ஆம்ப்ளிஃபயர்,
பழைய லாரி பேட்டரி.
போட்டோம்.
ஒன்றுமே இல்லை.
குரல் வருகிறது, தாளம் வருகிறது,
அடியில் பள்ளம்.
ஆம்ப்ளிஃபயரின் முதுகு தோசைக்கல்லாகச் சுட்டது.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
அழகாக, ஒழுங்காக, நான்தான் கொடுத்திருந்தேன்.
இரண்டும் எதிரெதிரே தள்ளி
கும்பிட்ட கைகளாக
அசையாமல் நின்றுவிட்டன.

தில்ஷாத்துக்குப் புரியவைக்க நான் வாயெடுப்பதற்குள்
அவள் பக்கத்து டிப்போவைக் காட்டினாள்.
தேக்குக்கட்டையின் இரு பக்கமும் இரண்டு பேர்,
ஒரே ரம்பம்.
“அவன் இழுக்க சொல்லோ இவன் தள்றான்.
ரெண்டு பேரும் தள்ளினா ரம்பம் வளையும்.
அவ்ளோதானே?”
அவ்வளவுதான்.

மேல் ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றிப் போட்டேன்.
டார்ச் லைட் செல்லைத் தொட்டுப் பார்த்தேன்:
கீழது வெளியே எழுந்தது,
மேலது தன் காந்தத்துக்குள் போனது.
இரண்டுக்கும் திசை ஒன்று.

“புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு ஏதாவது சொன்னே,
உளிய எடுத்து அடிப்பேன்” என்றாள் தில்ஷாத்.
நான் சொல்லவில்லை.
மறுபடி போட்டபோது
ஆணி டப்பா மேசையில் தானாக நகர்ந்து
விளிம்பில் விழுந்தது.

தடை முடிந்த இரவு.
ஹார்பரில் நூற்றுக்கணக்கான இன்ஜின்கள் ஒரே சமயத்தில்.
தேசப்பன் கேபினிலிருந்து கையை அசைத்து
போட்டாச்சு, கேட்குதா என்றார்.
எங்கே கேட்பது?
படகு விலகும்போது பலகையில் கை வைத்தேன்.
நடுக்கம் இருந்தது,
ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று,
மெதுவாக, வேறு கணக்கில்.

“நம்மளுதா?” என்றாள்.
தெரியவில்லை.
பாக்கி நாலாயிரத்துக்கு
வஞ்சிரம் வரும் என்று சொல்லியிருக்கிறார்.